பரிகாசச் செய்தியின் வரலாறு: ஸ்விஃப்ட் முதல் ஆனியன் வரை

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

தம் கண்ணால் காணாத சம்பவங்களை அச்செழுத்தின் சாட்சியம் ஒன்றைக் கொண்டே மெய்யென ஏற்றுக்கொள்ளும் பழக்கம் மக்களிடையே வேரூன்றிய நாள்முதல், அந்த நம்பிக்கையையே கருவியாகக் கொண்டு சிரிப்பை விளைவிக்கும் ஓர் எழுத்து வகையும் மேல்நாடுகளில் இடையறாது வளர்ந்து வந்திருக்கிறது. நடவாத ஒன்றை நடந்ததாகவோ, அற்பமான ஒன்றைப் பெருநிகழ்ச்சியாகவோ, செய்திக்கு உரிய நடையும் ஒழுங்கும் சிறிதும் பிசகாமல் எடுத்துரைத்து, அவ்வாறு உரைப்பதன் வாயிலாகவே அரசையோ, கற்றோரையோ, சில சமயம் பத்திரிகையையேயோ எள்ளி நகையாடுவது இவ்வகையின் லட்சணம். இக்கட்டுரையில் இதனைப் ‘பரிகாசச் செய்தி’ என்ற பெயரால் வழங்குவோம்.

ஹாஸ்யப் பத்திரிகை என்னும் பெரும்பிரிவோடு இதனை ஒன்றாக எண்ணிவிடலாகாது. 1841-இல் லண்டனில் தோன்றிய ‘பஞ்ச்’ இதழும், 1926-இல் சென்னையில் தோன்றிப் பின்னர் எஸ். எஸ். வாசன் கையில் வளர்ந்த ‘ஆனந்த விகடன்’ இதழும், 1970-இல் சோ ராமசாமி தொடங்கிய ‘துக்ளக்’ இதழும் நாட்டு நடப்பைக் கேலி செய்தவையே எனினும், அவை பெரும்பாலும் தம் சொந்தக் குரலில் கேலி செய்தன. தெருக்கூத்திலே அரசன் அருகில் நின்று அவனைக் கேலி பேசும் கட்டியங்காரனின் வேலை அது. பரிகாசச் செய்தியோ அரச வேஷத்தையே தான் பூண்டு, அரசனுடைய குரலிலேயே பேசி, அப்பேச்சினாலேயே கொலுமண்டபத்தைச் சிரிக்க வைப்பது.

அந்த வேஷம் யாதெனில், செய்தியின் சம்பிரதாயங்களே. ஊரும் தேதியும் முதலில் வருதல், நிகழ்ச்சிக்குச் சாட்சி ஒருவரைக் காட்டுதல், எண்களையும் அளவுகளையும் நுணுக்கமாகத் தருதல், நிபுணரின் கருத்தை அவர் வாய்மொழியாகவே சொல்லுதல், எதிர்த்தரப்பின் மறுப்புக்கும் இடமளித்தல், எழுதுபவன் தன் விருப்பு வெறுப்புகளை மறைத்துக்கொள்ளுதல், தவறு நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடுதல் ஆகிய இவையெல்லாம் உண்மையை நாடுவோர் காலப்போக்கில் வகுத்துக்கொண்ட நெறிகள். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் கே டக்மன், 1972-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், மேற்கோள் குறி, இருதரப்பு வாதம், துணை ஆதாரம் முதலியவற்றை நிருபர்கள் கையாளும் முறை, கண்டனத்திலிருந்தும் வழக்கிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளும் ஒருவகைச் சடங்காகவும் அமைகிறது என்று விளக்கினார். சடங்கின் இயல்பு யாதெனில், பக்தி உள்ளவனும் இல்லாதவனும் அதனை ஒரே மாதிரி செய்து முடிக்கலாம் என்பதே. பரிகாசச் செய்தி பிறப்பதற்கு இடம் தருவது அந்த இயல்புதான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களமாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுவர். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை பரிகாசச் செய்தி கடந்துவந்த வழியை நோக்கின், எளிதில் நம்பிவிடும் வாசகனின் பேதைமையையும் மடத்தையும் நிலைக்களமாகக் கொண்ட நகை, படிப்படியாக, வாசகனையும் உடன் சேர்த்துக்கொண்டு செய்தியின் வடிவத்தையே எள்ளும் நகையாக மாறியிருப்பது புலப்படும். அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆங்கில மொழி வழங்கும் இரு தேசங்களின் உதாரணங்களைக் கொண்டு நிறுவ முயல்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

2. பஞ்சாங்கக்காரரின் மரணம்

1708-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற பெயர் தாங்கிய சிறு பிரசுரம் ஒன்று வெளியாயிற்று. அவ்வாண்டில் நிகழவிருப்பவற்றை முன்கூட்டியே உரைப்பதாகக் கூறிய அப்பிரசுரம், இது மிக அற்ப விஷயம் என்ற பீடிகையோடு, ஜான் பார்ட்ரிஜ் என்னும் பஞ்சாங்கக்காரர் மார்ச் 29-ஆம் தேதி இரவு 11 மணி சுமாருக்குக் கடும் ஜுரத்தால் மரணமடைவார் என அறிவித்தது. பிக்கர்ஸ்டாஃப் என்று ஒருவர் உலகில் இல்லை. எழுதியவர் அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த பாதிரியாராகிய ஜோனதன் ஸ்விஃப்ட். பார்ட்ரிஜ் மட்டும் உண்மையான மனிதர். ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டு வந்ததோடு, திருச்சபையைத் தாக்கியும் எழுதி வந்தவர்.

குறித்த நாள் கழிந்ததும் இரண்டாவது பிரசுரம் வந்தது. வரி இலாகாவில் இருந்த ஒருவர் உயர்குடிப் பெருமகன் ஒருவருக்கு எழுதிய கடிதம் என்னும் உருவில் அமைந்த அதன் திறம் ஊன்றி நோக்கத்தக்கது. எழுதியவர் பார்ட்ரிஜின் நோய்ப்படுக்கைக்குச் செல்கிறார். தம் தொழில் வெறும் ஏமாற்றே என்று அவர் ஒப்புக்கொள்வதைக் கேட்கிறார். அறையின் புழுக்கம் தாளாமல், உயிர் பிரியும் நிமிஷத்தை உடனே வந்து சொல்லும்படி வேலைக்காரனை அங்கே நிறுத்திவிட்டு, அருகிலிருந்த காப்பிக் கடையில் காத்திருக்கிறார். செய்தி வந்தபோது கடிகாரத்தைப் பார்க்கிறார். மணி 7 அடித்து 5 நிமிஷத்துக்கு மேலாகிறது. ஆகவே பிக்கர்ஸ்டாஃப் தம் கணக்கில் ஏறக்குறைய 4 மணி நேரம் தவறிவிட்டார் என்றும், மற்ற விவரங்களில் அவர் சொன்னது சரியே என்றும் நடுநிலையோடு தீர்ப்புக் கூறுகிறார்.

அந்த 4 மணி நேரப் பிழையிலேதான் ஸ்விஃப்டின் மேதை விளங்குகிறது. முற்றிலும் பொய்யான ஒரு மரணத்துக்குள் சிறு பிழையொன்றை நுழைத்து, அப்பிழையை நேர்மையோடு சுட்டிக்காட்டுவதன் மூலம், மரணம் என்ற பெரும்பொய்யைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக அவர் ஆக்கிவிடுகிறார். நேரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் மரணத்தைப் பற்றிப் பொய் சொல்வாரா என்று வாசகன் எண்ணுகிறான். அற்பத்தில் காட்டும் நுணுக்கத்தால் அசம்பாவிதத்தை மறைக்கும் இந்த உத்தி, பின்வந்த முந்நூறு ஆண்டுகளிலும் பரிகாசச் செய்தியின் உயிர்நாடியாக நிலைத்துவிட்டது.

தாம் உயிரோடிருப்பதாகப் பார்ட்ரிஜ் தம் பஞ்சாங்கத்தில் அறிவித்தபோது, 1709-இல் பிக்கர்ஸ்டாஃபின் பெயரால் மறுப்பு ஒன்று வந்தது. இத்தகைய குப்பையை உயிருள்ள மனிதன் எவனும் எழுதியிருக்க முடியாது என்பதும், செத்தவர்கள் பெயரில் ஆண்டுதோறும் பஞ்சாங்கங்கள் வெளிவருவது வழக்கமே என்பதும் அதில் காட்டப்பட்ட ருசுக்கள். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ரிச்சர்ட் ஸ்டீல் ‘டாட்லர்’ என்னும் இதழைத் தொடங்கியபோது, அதன் ஆசிரியராகப் பிக்கர்ஸ்டாஃபையே பெயரிட்டார். பரிகாசத்துக்காகப் பிறந்த கற்பனை மனிதர், மெய்யான பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் பீடத்தில் அமர்ந்துவிட்டார்.

3. அச்சகக்காரரின் கைத்திறன்

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இவ்வித்தையைக் கற்றுத் தேர்ந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1733-ஆம் ஆண்டுக்கெனத் தாம் தொடங்கிய ‘ஏழை ரிச்சர்ட்’ பஞ்சாங்கத்தில், போட்டிப் பஞ்சாங்கக்காரராகிய டைட்டன் லீட்ஸ் என்பவர் அக்டோபர் 17-ஆம் தேதி பிற்பகல் 3 மணி 29 நிமிஷத்துக்கு இறப்பார் என்று அவர் எழுதியது ஸ்விஃப்டை அடியொற்றியதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஃபிராங்க்ளின் ஸ்விஃப்டினும் ஒருபடி மேற்சென்றவர். ஸ்விஃப்ட் எழுத்தாளர், ஃபிராங்க்ளினோ எழுத்துக்கோப்பதிலிருந்து விளம்பரம் வாங்குவது வரை பத்திரிகைத் தொழிலின் சகல அங்கங்களையும் கையால் செய்து பழகியவர்.

1773-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், குடியேற்ற நாடுகளின் பிரதிநிதியாக லண்டனில் இருந்த அவர், பிரஷ்ய மன்னரின் ஆணை என்ற பெயரில் ஒன்றை ‘பப்ளிக் அட்வர்டைஸர்’ பத்திரிகையில் வெளியிடச் செய்தார். டான்சிக் நகரிலிருந்து தேதியிட்டு வந்த அச்செய்தியின்படி, பிரிட்டன் தீவு ஆதியில் ஜெர்மானியர் குடியேறிய நாடாகையால், அங்கு ஏற்றுமதி இறக்குமதியாகும் சரக்குகளுக்கு நூற்றுக்கு நாலரை வீதம் தீர்வை செலுத்தவேண்டும். இரும்புத் தொழிலும் தொப்பித் தொழிலும் அங்கே நடத்தலாகாது. பிரஷ்யாவின் கைதிகள் அங்கே குடியேற்றப்படுவர். இவையனைத்தும் இங்கிலாந்து அமெரிக்கர் மீது விதித்திருந்த நிபந்தனைகளே. பிரபு ஒருவரின் இல்லத்தில் காலைச் சிற்றுண்டி வேளையில், விட்ஹெட் என்னும் விருந்தாளி பத்திரிகையும் கையுமாக ஓடிவந்து, பிரஷ்ய மன்னர் நம் ராஜ்யத்துக்கே உரிமை கொண்டாடுகிறார் என்று பதறியதை, அங்கே வீற்றிருந்த ஃபிராங்க்ளின் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் வர்ணித்திருக்கிறார். எனினும் அவ்வாணை தன் மர்மத்தை முற்றும் மறைக்கவில்லை. இவ்விதிகள் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் சட்டங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை என்று அதனுள்ளேயே சொல்லியிருந்தது. முடிவுவரை படித்தவன் கோபத்திலிருந்து வெட்கத்துக்கும், வெட்கத்திலிருந்து சிந்தனைக்கும் வரவேண்டும் என்பது ஆசிரியரின் ஏற்பாடு.

1782-இல் பாரிஸ் நகருக்கு அருகே பாஸியில் இருந்த தம் சொந்த அச்சகத்தில் ஃபிராங்க்ளின் அச்சிட்ட மற்றொன்றை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றின் அனுபந்தம் போல அமைந்த அத்தாளில், ஆங்கிலேயரின் ஏவலால் செவ்விந்தியர் உரித்தெடுத்த மண்டைத்தோல்களின் கணக்கு ஒரு படைத்தலைவரின் கடிதமாகத் தரப்பட்டிருந்தது. நிலம் விற்பனைக்கு, குதிரை காணவில்லை என்பன போன்ற உள்ளூர் விளம்பரங்களையும் கற்பித்துச் சேர்த்திருந்த அந்தத் தாளின் புறத்தோற்றத்தில் குறை காண்பது அரிது. ஆனால் சமாதானப் பேச்சின்போது ஆங்கிலேயர் மனத்தைக் கலக்குவதற்காகச் செய்யப்பட்டதும், செவ்விந்தியர் மீது பெரும் பழி சுமத்தியதுமான அதில், உண்மையை உணர்த்தும் குறிப்பு எதுவும் வைக்கப்படவில்லை. எனவே அது பரிகாசமன்று, போலிப் பத்திரமே. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எழுத்துத் திறனன்று. நுண்ணிய வாசகன் கண்டுகொள்ளும்படியாக ஆசிரியன் உள்ளே வைத்துச் செல்லும் திறவுகோலே. ஒரே கை இரண்டையும் செய்திருப்பதால் இந்த வேறுபாடு மேலும் தெளிவாகிறது.

4. சந்திர மண்டலமும் கல்லாய்ச் சமைந்த மனிதனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி அச்சியந்திரமும் ஒரு சென்ட் விலைப் பத்திரிகையும் தோன்றி வாசகர் தொகையைப் பெருக்கியபோது, பரிகாசச் செய்தி புதிய கோலம் கொண்டது. பெஞ்சமின் டே என்பவர் 1833-இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘சன்’ பத்திரிகை, 1835 ஆகஸ்ட் 25 முதல் ஆறு பகுதிகளாக, வானநூல் வல்லுநர் சர் ஜான் ஹெர்ஷெல் நன்னம்பிக்கை முனையில் நிறுவிய தொலைநோக்கியின் மூலம் சந்திரனில் காடுகளையும், விலங்குகளையும், வௌவால் இறக்கை கொண்ட மனிதர்களையும் கண்டதாக வெளியிட்டது. ஹெர்ஷெல் மெய்யான மனிதர். அப்போது அம்முனையில் இருந்ததும் மெய்யே. கட்டுரை எடுக்கப்பட்டதாகச் சொன்ன எடின்பரோ விஞ்ஞான இதழோ அதற்கு முன்பே நின்றுபோனது. எழுதியவராகிய ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக், இறக்கை மனிதரை எடுத்த எடுப்பில் காட்டிவிடாமல், 24 அடி விட்டமுள்ள கண்ணாடியை வார்த்த வரலாறு முதலிய இயந்திர விவரங்களில் வாசகனை நெடுந்தூரம் நடத்திச் சென்றார். கண்ணாடியின் அளவை நம்பியவன் வௌவால் மனிதனையும் நம்பினான். வானுலகங்களில் உயிர்கள் வாழ்வதாக எழுதிவந்த பக்திமான்களைக் கேலி செய்வதே தம் கருத்து என்று லாக் கூறியபோதிலும், அந்தக் கேலியைக் கண்டுகொண்டவர் சிலரே.

நோக்கம் தவறி நகை மட்டும் எஞ்சும் இந்த இடர்ப்பாட்டைத் தம் அனுபவத்தால் நன்கு உணர்ந்தவர் மார்க் ட்வைன். அப்பெயரைச் சூட்டிக்கொள்வதற்கு முன்பே, சாமுவேல் கிளெமன்ஸ் என்ற நிருபராக, நெவாடா பிரதேசத்தின் ‘டெரிடோரியல் எண்டர்பிரைஸ்’ பத்திரிகையில் 1862 அக்டோபர் 4-ஆம் தேதி, கல்லாய்ச் சமைந்த மனித உடல் ஒன்று அகப்பட்டதாகச் செய்தி எழுதினார். அக்காலத்தில் இத்தகைய கல்லுருக்களைப் பற்றிய செய்திகளில் மக்கள் மோகம் கொண்டிருந்தனர். உள்ளூர் நீதிபதி பிரேத விசாரணை நடத்தி, நெடுநாள் வெயிலிலும் குளிரிலும் கிடந்ததால் மரணம் நேர்ந்தது என்று தீர்ப்பளித்ததாகவும் சேர்த்தார். உடலின் நிலையை அவர் வர்ணித்த முறைதான் திறவுகோல்: வலது கட்டைவிரல் மூக்கின் பக்கத்தில் இருந்தது என்பார், இடையில் வேறு விஷயங்களைப் பேசுவார், வலக்கை விரல்கள் விரிந்திருந்தன என்பார், ஒரு கண் மூடியிருந்தது என்பார். சிதறிக் கிடக்கும் இவ்விவரங்களைக் கூட்டிப் பார்த்தவனுக்கு, அக்கல் மனிதன் கண்ணடித்துக்கொண்டு, மூக்கில் விரல் வைத்து வாசகனையே பழித்துக்காட்டுவது விளங்கும். கூட்டிப் பார்த்தவர் மிகச் சிலர். பிற பத்திரிகைகள் அதை மெய்ச்செய்தியாகவே எடுத்து வெளியிட்டன.

மறு ஆண்டு அக்டோபரில், கம்பெனிகள் பொய்யாக லாபப் பங்கு காட்டிப் பங்குதாரரை ஏமாற்றுவதைக் கண்டிக்கக் கருதி, அவ்வாறு பணமிழந்த ஒருவன் தன் குடும்பத்தையே கொன்றதாக ட்வைன் எழுதினார். மரமே இல்லாத இடத்தில் பெருங்காடு இருப்பதாகவும், காதுக்குக் காது கழுத்தறுபட்டவன் குதிரையேறி ஊருக்குள் வந்ததாகவும் அதில் எழுதியிருந்தும், வாசகர் கண் கொலையை விட்டு அகலவில்லை. லாபப் பங்கைப் பற்றிய பகுதியைப் படித்தவரே இல்லை எனலாம். மறுநாள் அவர் தாம் எழுதியதைத் திரும்பப் பெற நேர்ந்தது. செய்தியின் வடிவம் எவ்வளவு வலியதென்றால், பொருளை விழுங்கிவிடவும் வல்லது என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

5. குரலின் அதிகாரம்

வானொலி வந்தபின் செய்தியின் அதிகாரம் அச்சிலிருந்து குரலுக்கு மாறியது. 1926 ஜனவரி 16-ஆம் தேதி, கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் நாவலாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ், எடின்பரோ நிலையத்திலிருந்து பி.பி.சி. வாயிலாக ஒலிபரப்பிய நிகழ்ச்சி, இலக்கியச் சொற்பொழிவு ஒன்றின் இடையே லண்டன் கலவரத்தைப் பற்றிய செய்தி குறுக்கிடுவது போல அமைந்தது. கலவரக்காரரின் தலைவர், நாடகக் கொட்டகை வாயில்களில் வரிசை நிற்கும் வழக்கத்தை ஒழிப்பதற்கான இயக்கத்தின் காரியதரிசி. பிக் பென் மணிக்கூண்டு பீரங்கியால் வீழ்த்தப்படுகிறது. இடையிடையே ஹோட்டலிலிருந்து நடன சங்கீதம் ஒலிக்கிறது. போக்குவரத்து மந்திரி ஒரு விளக்குக் கம்பத்தில் தூக்கிலிடப்பட்டதாகச் செய்தி வருகிறது; சற்றைக்கெல்லாம் அதே நிதானக் குரலில் திருத்தம் வருகிறது: முன்பு சொன்னது பிழை, அது விளக்குக் கம்பமன்று, டிராம் கம்பம்.

ஸ்விஃப்டின் 4 மணி நேரப் பிழையும் நாக்ஸின் டிராம் கம்பமும் ஒரே உத்தியின் இரு பயன்கள். முன்னதில் திருத்தம் பொய்யை மறைக்கிறது. பின்னதில் அதுவே பொய்யை வெட்டவெளிச்சமாக்குகிறது. மந்திரியின் உயிரைக் காட்டிலும் கம்பத்தின் வகையைப் பற்றி அதிகம் கவலைப்படும் குரலைக் கேட்கும்போது, செய்தி என்னும் வடிவத்துக்கே பெரிது சிறிது என்ற நிதானம் இல்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பரிகாசச் செய்தியில் எழும் சிரிப்பின் காரணத்தை இதனினும் சுருக்கமாக விளக்கும் உதாரணம் வேறில்லை. ஆயினும் கேட்டவர் பலர் அன்று சிரிக்கவில்லை; உறவினரைப் பற்றி விசாரித்தனர். பனியால் மறுநாள் பத்திரிகைகள் பல ஊர்களுக்குத் தாமதமாகியதால் அச்சம் நீண்டது. 1938 அக்டோபர் 30-ஆம் தேதி ஆர்சன் வெல்ஸ் அமெரிக்காவில் இதே போன்ற குறுக்கீட்டு முறையில் செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்பை ஒலிபரப்பினார்; அதன் நோக்கம் நகையன்று, அச்சம்.

தொலைக்காட்சியில் இம்மரபின் சிறந்த சான்று, 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் வந்த மூன்று நிமிஷப் படம். சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில் ஸ்பகெட்டி மரங்களிலிருந்து அறுவடை நடப்பதாகவும், குளிர் குறைந்ததாலும் பயிரைத் தாக்கும் வண்டு ஒழிந்ததாலும் விளைச்சல் அமோகம் என்றும், பயிர் வளர்ப்போர் பல ஆண்டுகள் பொறுமையோடு செய்த முயற்சியால்தான் எல்லா இழைகளும் ஒரே நீளத்தில் வளர்கின்றன என்றும் அது கூறியது. அதைச் சொன்ன குரல் ரிச்சர்ட் டிம்பிள்பியுடையது. யுத்தகாலத்திலிருந்து தேசம் நம்பி வந்த குரல். வேறொருவர் சொல்லியிருப்பின் அது வெறும் வேடிக்கையாக முடிந்திருக்கும்.

இருபதாண்டு கழித்து, 1977 ஏப்ரல் 1 அன்று ‘கார்டியன்’ நாளிதழ், சான் செரிஃப் என்னும் தீவுக் குடியரசின் சுதந்திரப் பத்தாண்டு நிறைவை முன்னிட்டு ஏழு பக்க அனுபந்தம் வெளியிட்டது. தீவுகள் அரைப்புள்ளியின் உருவில் அமைந்தவை, தலைநகர் போடோனி, ஆட்சியாளர் ஜெனரல் பைகா. எல்லாம் அச்சுத்தொழிலில் எழுத்துருவையும் அளவையும் குறிக்கும் சொற்கள். அச்சுக்கூடத்தோடு பழகியவன் முதற் பார்வையிலேயே சிரித்தான். மற்றவன் பயணச்சீட்டுக்கு விசாரித்தான். ஃபிராங்க்ளின் தம் போலித்தாளுக்குப் பொய் விளம்பரங்களைத் தாமே கற்பித்தார். இங்கோ கோடாக் போன்ற மெய்யான கம்பெனிகளே இல்லாத தீவைப் பற்றி விளம்பரம் செய்து பரிகாசத்தில் பங்குகொண்டன. ஏமாற்று விளையாட்டு, ஆண்டுக்கொரு நாள் யாவரும் கூடி நடத்தும் உற்சவமாக மாறிய கட்டம் இது.

6. வெளிப்படையான எள்ளல்

இதுவரை கண்டவை யாவும் மெய்ச்செய்தியின் இடத்தில் மறைந்து புகுந்தவை. பரிகாசச் செய்தி தனக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டு, நான் பொய்யே என்பதை எல்லோரும் அறிய நடத்தத் தொடங்கியது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். இதற்குக் காரணம் ஹாஸ்யக்காரரிடம் இல்லை, பத்திரிகையிடமே இருக்கிறது. 1923-இல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் சங்கம் நடுநிலையைத் தொழில் தர்மமாக வகுத்தது. செய்தி நிறுவனங்களின் ஒரே சீரான நடை தேசமெங்கும் பரவியது. பின்னர்த் தொலைக்காட்சி, ஒரே மேஜை, ஒரே உடை, ஒரே குரலைத் தினந்தோறும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. சம்பிரதாயம் இவ்வாறு கெட்டிப்பட்டு எல்லோர்க்கும் மனப்பாடமானபின், அதனைக் கண்டு சிரிப்பதற்கு ஏமாற வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று.

1975 அக்டோபர் 11-ஆம் தேதி அமெரிக்காவில் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியின் செய்திப் பகுதியில், ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ நவம்பரில் இறந்தபின், அவர் இன்னும் இறந்த நிலையிலேயே இருக்கிறார் என்று செவி சேஸ் வாரந்தோறும் அறிவித்தார். பிராங்கோ மரணப்படுக்கையில் இருந்த வாரங்களில், இன்னும் உயிரோடிருக்கிறார் என்பதையே செய்தியாக வாசித்துக்கொண்டிருந்த மெய்ச்செய்திகளின் மீது அது வீசிய அம்பு. இங்கிலாந்தில் 1994-இல் ஒளிபரப்பான ‘தி டே டுடே’, முழக்க இசை, சுழலும் வரைபடம், அறிவிப்பாளரின் அதட்டல் ஆகிய புற அலங்காரங்களையே பரிகாசத்தின் பொருளாக்கியது. 1999 முதல் ஜான் ஸ்டூவர்ட் நடத்திய ‘தி டெய்லி ஷோ’ மெய்யான செய்திப் படங்களையே எடுத்துக்கொண்டு விமர்சனத்துக்கு நெருங்கிச் சென்றதால், அது இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு ஓரத்தில் நிற்பது.

இவ்வகையின் முழு வளர்ச்சியைக் காட்டுவது ‘தி ஆனியன்’. 1988-இல் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் டிம் கெக், கிறிஸ்டஃபர் ஜான்சன் என்னும் இரு மாணவர் தொடங்கிய இவ்விதழ், நாளடைவில் செய்தி நிறுவன நடையை அணுவளவும் வழுவாமல் கைக்கொண்டது. அதன் பெரும் கண்டுபிடிப்பு, ஸ்விஃப்ட் முதலியோரின் முறையைத் தலைகீழாக்கியது எனலாம். அவர்கள் அசாதாரணத்தைச் சாதாரணம் போலச் சொன்னார்கள்; ஆனியனோ, பெயரற்ற உள்ளூர்வாசி ஒருவன் சோம்பிக் கிடப்பது, அலுவலகத்தில் ஒருவர் சலித்துக்கொள்வது போன்ற, செய்தியாகவே கருதப்படாத வாழ்க்கைத் துணுக்குகளுக்குத் தலைப்பும், நேரில் கண்டோர் வாக்குமூலமும், நிபுணர் கருத்தும் கொடுத்தது. பத்திரிகை எதை விட்டுவிடுகிறது என்பதைப் பத்திரிகையின் குரலிலேயே சொன்னது இவ்விதழின் சாதனை.

அதே கருவி துக்கத்தையும் தாங்க வல்லது என்பதற்கு 2014 மே மாதத்தில் வெளியான செய்தி சான்று. கலிபோர்னியாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப்பின், இத்தகைய சம்பவங்கள் இடைவிடாமல் நிகழும் ஒரே நாட்டின் மக்கள் இதைத் தடுக்க வழியே இல்லை என்று கூறுவதாக ஆனியன் ஒரு சிறு செய்தி வெளியிட்டது. அதன்பின் கொடிய துப்பாக்கிச் சூடுகள் நிகழுந்தோறும், ஊரின் பெயரையும் இறந்தோர் தொகையையும் மாத்திரம் மாற்றி, அதே செய்தியை மறுபடி மறுபடி வெளியிட்டு வருகிறது. தனித்துப் படித்தால் அதில் பெரிய நகையில்லை. அச்சுவார்ப்பு மாறாததுதான் அதன் குற்றச்சாட்டு. நிகழ்ச்சியும் செய்தியும் வருத்தமும் அனைத்தும் வாய்பாடாகிவிட்ட தேசத்தை அத்தேசத்தின் செய்தி வாய்பாட்டாலேயே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது அது.

7. திறவுகோலும் தீர்ப்பும்

வாசகன் ஏமாறவேண்டிய அவசியம் ஒழிந்தபின்னும் ஏமாறுவோர் ஒழிந்துவிடவில்லை. 2002-இல் பெய்ஜிங் நகர மாலைப் பத்திரிகை ஒன்று, மேற்கூரை திறந்து மூடும் புதிய மண்டபம் கட்டித்தராவிடில் அமெரிக்கக் காங்கிரஸ் தலைநகரை விட்டு வெளியேறப் போவதாக ஆனியன் எழுதியதை மெய்யாகவே வெளியிட்டது. புதிய விளையாட்டரங்கம் கேட்டு நகரங்களை மிரட்டும் விளையாட்டுக் குழு முதலாளிகளைக் கேலி செய்த செய்தி அது. 2012-இல் வடகொரிய அதிபர் கிம் ஜாங் உன் உலகின் மிகக் கவர்ச்சியான ஆண் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக ஆனியன் அறிவித்ததை, சீனத்தின் ‘மக்கள் தினசரி’யின் இணையப் பதிப்பு 55 படங்களோடு கொண்டாடியது. இங்கிலாந்தில் ‘பிராஸ் ஐ’ என்னும் நிகழ்ச்சி கற்பித்த இல்லாத போதைப்பொருளைப் பற்றிப் பார்லிமெண்ட் உறுப்பினர் ஒருவர் சபையிலேயே கேள்வி எழுப்பினார். செய்தியின் உடையை மாத்திரம் பார்த்து உடலைப் பாராதவர் எக்காலத்தும் எத்தேசத்தும் உண்டு என்பதற்கு இவை போதும்.

அப்படியாயின் பரிகாசத்தின் மீது இது பரிகாசம் என்று முத்திரை குத்திவிடலாமே என்ற கேள்வி எழும். ஒஹாயோ மாநிலத்துப் பார்மா நகரில், போலீஸ் இலாகாவின் பக்கம் போல ஒரு கேலிப் பக்கத்தை நடத்தியவர் கைதான வழக்கில், ஆனியன் 2022 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அளித்த மனு இக்கேள்விக்கே விடை கூறியது. முதலில் மெய்போலத் தோன்றி, பின்னர்த் தன் அபத்தத்தால் வாசகனையே விழிக்கச் செய்வதுதான் இக்கலையின் செயல்முறை. முன்கூட்டியே அறிவிப்பு வைத்தால் அச்செயலே நிகழாது என்பது அதன் வாதம். 1756-இல் தொடங்கித் தினந்தோறும் 4.3 லட்சம் கோடி வாசகரைப் பெற்றிருப்பதாகத் தன்னைப் பற்றி அம்மனுவிலேயே எழுதி, தன் வாதத்துக்குத் தானே உதாரணமும் ஆயிற்று. 2023-இல் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டபோதிலும், வாதம் சரியானது என்பது என் கருத்து. கல் மனிதனின் விரலும், சான் செரிஃபின் எழுத்துருப் பெயரும், 4.3 லட்சம் கோடி வாசகரும் ஒரே மரபைச் சேர்ந்த திறவுகோல்கள். அவற்றை வைத்தவன் பரிகாசக்காரன், வைக்காதவன் மோசக்காரன்.

இக்காலத்தில் பொய்ச்செய்தி மலிந்துவிட்டதால் பரிகாசச் செய்தியையும் அதனோடு சேர்த்துப் பழிப்போர் உளர். வரலாறு காட்டுவது அதற்கு மாறானது. பொய்ச்செய்தி, வாசகனின் நம்பிக்கையைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. பரிகாசச் செய்தியோ அந்நம்பிக்கை ஊரில் எஞ்சியிருக்கும்வரைதான் உயிர்வாழ இயலும். தேதியைச் சரிபார்க்கவும், சாட்சியைத் தேடவும், பிழையைத் திருத்தவும் மெய்யான பத்திரிகைகள் உழைத்துக்கொண்டிருக்கும் தேசத்திலேதான், அவ்வுழைப்பின் நடையை அணிந்துகொண்டு ஒருவன் சிரிக்க வைக்க முடியும். சம்பிரதாயம் செத்த இடத்தில் அதன் கேலியும் சாகும். ஆகையால் நல்ல பரிகாசத்தை விரும்புவோர் யாவரும் முதலில் விரும்பத்தக்கது, தன் கடமையைத் தவறாமல் செய்யும் பத்திரிகையையே ஆகும்.